பேய்க் கதையின்மேல் ஊர்ச் சரித்திரம்

ரங்கூனிலிருந்து முப்பத்தெட்டாம் வருஷம் திரும்பியபின், வீட்டில் கால் தரிக்காமல் பூந்தமல்லிச் சந்தைக்குப் போய்வருவேன். அங்கே பழக்கமானவள் அங்கம்மா.

புளிக்கடைக்கும் வளையல்காரருக்கும் நடுவே கோணி விரித்துப் புத்தகம் விற்பாள். புருஷன் இறந்தபின் அவளுக்கு மிஞ்சியவை அவனுடைய புத்தக மூட்டையும் சந்தையில் அந்த இடமும்தான். மோகினிக் கதை, கொலைச் சிந்து, நாட்டு வைத்தியம், பஞ்சாங்கம் எல்லாம் கிடைக்கும். விலைபோவது பேய்க் கதைகள்தான். திருநின்றவூர் வாத்தியார் உலகநாதன் சொந்தச் செலவில் அச்சடித்துக் கொடுத்த ஊர்ச் சரித்திரம் மட்டும் கட்டுக்கட்டாகத் தூசி படிந்து கிடக்கும். சுற்றுவட்டாரத்து ஏரிகள், கோயில்கள், கிராமங்கள் பற்றிய புத்தகம்.

அந்த ஆடியில் ஒருநாள், சென்னீர்குப்பத்து நாகவல்லி பேய்க் கதை ஒன்றை வேப்பிலையில் சுற்றிக் கொண்டுவந்து கோணியில் போட்டாள்.

"இந்தா, உன் மோகினிய நீயே வச்சிக்கோ! இத்தப் படிச்சதுலேர்ந்து எம் பொண்ணு ஜொரத்துல பொலம்பிகினு கீது."

கூட்டம் கூடிவிட்டது. சந்தைக் குத்தகைக்காரர் கங்காதரனும் வந்தார்.

"பேய் பொஸ்தகத்தயெல்லாம் கொளுத்து. இல்லாங்காட்டி எடத்தக் காலி பண்ணு."

கொளுத்தினால் கோணியில் என்ன மிஞ்சும்? அங்கம்மா சட்டென்று ஊர்ச் சரித்திரம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள். அட்டையில் மாங்காட்டுக் காமாட்சி கோயில் கோபுரப் படம். வளையல்காரரிடம் குங்குமம் வாங்கி அதில் இட்டு, மோகினிக் கதையின்மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"காமாட்சி மேல குந்திகினு கீறா. கீய கீறது எப்டி எயுந்து வரும்? நீயே சொல்லு நைனா."

கங்காதரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இனிமே இப்டியே கட்டி வித்துக்கோ" என்றார். நாகவல்லி, பெண்ணின் தலைமாட்டில் வைக்கச் சரித்திரத்தை மட்டும் வாங்கிப்போனாள்.

அதன்பின் சரித்திரம் இல்லாமல் பேய்க் கதையை எவரும் தொடவில்லை. புத்தகம் விற்கிற செய்தி கேட்டு, சலவைச் சட்டையும் கையில் புதுக் கட்டுமாக வாத்தியாரே வந்தார். பொட்டு வைத்துப் பிசாசுக்கு மூடியாகக் கிடந்த தம் புத்தகத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏரி ஏரியா அலைஞ்சு எழுதினேன். பேய் ஓட்டவா?"

"ஊடு ஊடா போய்ச் சேந்துச்சே, வாத்யாரய்யா!"

"ஒருத்தராவது பிரிச்சுப் படிச்சாங்களா?"

மிச்சமிருந்த கட்டையும் தூக்கக் குனிந்தார். அது போனால் அடுத்த சந்தைக்கு அவளுக்கு இடமில்லை. அங்கம்மா கட்டின்மேல் இரு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இத்த எய்தினது இவரா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாகவல்லி, குணமான பெண்ணுடன் நின்றிருந்தாள். "மாங்காட்டுக்கு அம்மாம் பக்கம், எங்க ஊருக்கு நாலே வரியா? நாங்க இன்னா அம்மாம் எளப்பமா?"

உலகநாதன் நிமிர்ந்தார். "நீங்க படிச்சீங்களா?"

"இவ படிச்சா, தெருவே கேட்டுச்சு. அல்லாருக்கும் கோவம்!"

ஒரு தெருவே தம்மேல் கோபமாக இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு பூரித்துப்போனவரை நான் பார்த்ததில்லை. புதுக் கட்டையும் கோணியிலேயே வைத்துவிட்டு, விட்டுப்போனதைக் கேட்டெழுத, வழிநெடுக வசவு வாங்கிக்கொண்டு நாகவல்லியுடன் சென்னீர்குப்பத்துக்கு நடந்தார்.

அங்கம்மா சோற்றுத் தூக்கைத் திறந்தாள்.

"அடுத்தாப்ல மாங்காட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க பாரு. நீயும் ஒரு வாய் துன்னு."