அன்ரன் பிடிக்க மாட்டேன் என்ற கயிறு

ஹம்பேர்க் துறைமுகத்தில் முப்பது வருடமாகக் கப்பல் கட்டும் அன்ரனுக்குக் கப்பல்களில் பெரிய மதிப்பு இல்லை. கட்டுவது என்றால் செய்து கட்டுவதல்ல, கயிற்றால் கட்டுவது. வந்து சேரும் கப்பலில் இருந்து எறியும் கயிற்றைக் கரையில் நின்று பிடித்து, இழுத்து, இரும்புக் குற்றியில் மாட்டுகிறவரை ஜேர்மன்காரர் ‘ஃபெஸ்ட்மாகர்’ என்பார்கள். இறுக்குகிறவர் என்று பொருள். அன்ரனைத் தெரிந்த எவரும் அதைத் தொழிலின் பெயர் என்று மட்டும் எண்ணுவதில்லை. பிடித்ததை விடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். எண்பத்தாறில் ஒருநாள் விடியற்காலை தகப்பனார் கடலுக்குப் போனார். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கரை சேர்ந்தது. சனம் ‘நேவி’ என்றது, அதாவது இலங்கைக் கடற்படை. மேற்கொண்டு கேட்க ஒருவரும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தக் கரையில் ‘நேவி’ பெயர்ச்சொல் அல்ல, ஏவல் வினை. யாராவது ‘நேவி!’ என்று கத்தினால் வலையை அறுத்துவிட்டு வள்ளத்தைத் திருப்ப வேண்டும் என்று பொருள். அன்ரனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அதன்பிறகு அவர் கடலில் கால் நனைக்கவில்லை.

நாலு வருடம் கழித்து ஹம்பேர்க்குக்கு வந்தார். அகதிகளை இருத்த நகரத்தில் இடம் போதவில்லை. எனவே எல்ப நதியில் நங்கூரமிட்டிருந்த ஒரு தங்கும் கப்பலில் இடம் கொடுத்தார்கள். கடலுக்குப் பயந்து ஓடி வந்தவனைக் கப்பலில் குடியிருத்திய இந்த நகரத்தை அவர் இன்றுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. அந்தக் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், மனிதர் இளகிவிடுவார். ஓர் அறைக்கு நாலு பேர். அறையில் சமைக்கத் தடை. ஆகவே எல்லோரும் அறையில் சமைத்தார்கள். மிளகாய் வறுக்கிற நெடியில் ஆபிரிக்கரும் அல்பேனியரும் சேர்ந்து தும்முவார்கள். பெரிய சரக்குக் கப்பல் ஒன்று அருகால் போனால் கையிலிருக்கும் தேத்தண்ணி தானாகத் தளும்பும். ‘அந்த மாதிரி நித்திரை பிறகு ஒருநாளும் கொண்டதில்லை’ என்பார். அங்கே நின்றுதான் கரையில் கயிறு பிடிக்கிறவர்களைப் பார்த்தார். கடலில் இறங்காமல் கடல் வேலை செய்யலாம் என்பது அவருக்குப் புதிய செய்தி.

அவருடைய ஒரே தங்கை யசிந்தா பாரிஸ் புறநகரில் இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்தால் அண்ணனும் தங்கையும் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். ஏழு வருடத்துக்கு முன்பு அது நின்றது. யசிந்தாவின் மகன் நிசாந் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்துவிட்டான்.

“இது வேற நேவி அண்ணை. இஞ்ச நேவி எண்டே சொல்லுறேல்லை. மரீன் எண்டுதான் பேர்.”

“பேரை மாத்தினால் நாகம் சாரையாகுமோ?”

“நீ மட்டும் டென்மார்க் நேவிக்கும் ஒல்லாந்து நேவிக்கும் கயிறு கட்டிறாய்?”

“அது வேலை.”

“இதுவும் அவனுக்கு வேலைதான். நாளைக்கு நீ கட்டிற கப்பலில என்ர பிள்ளை நிண்டால் என்ன செய்வாய்?”

கோபத்தில் மனிதர் ஒன்று சொன்னால் போதும். அன்ரன் மூன்று சொன்னார். அந்தக் கயிற்றைப் பிடிக்க மாட்டேன், நேவிக்காரனுக்கு என் வீட்டில் சோறு இல்லை, நேவிக்காரன் இருக்கிற வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்.

அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. பேசாதபடியால் அங்கே நடப்பதெல்லாம் இங்கேயும், இங்கே நடப்பதெல்லாம் அங்கேயும் அன்றன்றே தெரியும். அன்ரனின் மனைவி பற்றிமாவும் யசிந்தாவும் நாளுக்கு இரண்டு தரம் கதைப்பார்கள். அன்ரன் பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கேட்காமல் இருப்பார்.

இந்த வருடம் வைகாசியில் பற்றிமா சொன்னார். “இஞ்சருங்கோ, வெள்ளிக்கிழமை பிரெஞ்சுக்காரற்ற ரோந்துக் கப்பல் ஒண்டு வருதாம்.”

“துறைமுகத்தில வேலை செய்யிறது நானோ நீரோ?”

“கப்பல் வாறது உங்களுக்குத் தெரியும். அதில ஆர் வாறது எண்டது எனக்குத் தெரியும்.”

அன்ரன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார்.

“மார்கழியில அவன்ர கலியாணம். இந்தமுறை பிள்ளையைப் பாக்காமல் அனுப்பினால் உங்களுக்குக் கார்ட் இல்லையாம். தாய்மாமன்ர கதிரையை வெறுமையா விடுவாவாம். யசிந்தா சொல்லச் சொன்னவ.”

“வெறுங் கதிரை எண்டால் சனம் கதைக்குமே.”

“கதைக்கட்டுமாம்.”

வெறுங் கதிரை அன்ரனை இரண்டு நாள் தின்றது. மூன்றாம் நாள் அவர் மேலாளர் யென்ஸிடம் போய் வெள்ளிக்கிழமை வேலையை மாற்றித் தரக் கேட்டார். ஏன் என்று யென்ஸ் கேட்டான். கப்பலில் தங்கையின் மகன் வருகிறான் என்று அன்ரன் உண்மையைச் சொன்னார். யென்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்படியென்றால் முன் கயிறு உனக்குத்தான்” என்று சொல்லி, வேறொருவனுக்குப் போட்டிருந்த இடத்தில் அன்ரனின் பெயரை எழுதினான். நல்ல மனம் படைத்தவர்களிடம் பாதி உண்மை சொல்லக் கூடாது.

வெள்ளி காலை எட்டு மணி. ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறம். கப்பலும் சாம்பல் நிறமாக வந்தது. அன்ரனின் நினைவில் இருந்த நேவியைவிடச் சின்னது அது. மனதில் ஒரு சமாதானம் செய்திருந்தார். கயிற்றை மட்டும் பார்ப்பது, மேலே முகத்தைப் பார்ப்பதில்லை.

பெரிய கயிற்றை எறிய முடியாது. முதலில் முனையில் பாரம் கட்டிய மெல்லிய எறிகயிறு வரும். அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் பெரியது வரும். முன்தளத்தில் நின்றவன் எறிந்தான். காற்று அதைத் தூக்கித் தண்ணீரில் போட்டது. சுருட்டி மறுபடி எறிந்தான். மறுபடி தண்ணீர். கப்பலின் முன்பக்கம் மெல்ல மெல்லக் கரையைவிட்டு விலகத் தொடங்கியது. யென்ஸ் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.

அன்ரனுக்கு இப்போது சபதத்தைக் காப்பாற்ற நல்ல வசதி. கயிறு வந்தால்தானே பிடிப்பதற்கு? வராத கயிற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். ஆனால் பிழையாகக் கயிறு எறிகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருடைய பரம்பரையில் ஒருவருக்கும் முடிந்ததில்லை.

“டேய்! சோளகம் அடிக்குதெல்லே! நேர எறியாதை, காத்துக்கு மேலால எறி!”

தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு யாழ்ப்பாணக் கடலோடிகள் வைத்த பெயர் சோளகம். எல்ப நதி அந்தப் பெயரை முன்பு கேட்டிருக்க நியாயமில்லை.

“ஓம் மாமா!” என்று மேலிருந்து சத்தம் வந்தது.

மூன்றாம் முறை கயிறு காற்றுப் பக்கமாக வளைந்து போய், திரும்பி வந்து, அன்ரனின் தோளில் விழுந்தது. கை தானாகப் பிடித்தது. சபதங்களில் ஒன்று அப்படிப் போயிற்று. கப்பல் இறுகக் கட்டப்பட்டது.

“உனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று சொல்லவே இல்லையே” என்றான் யென்ஸ்.

“தெரியாது” என்றார் அன்ரன்.

மீதி இரண்டையும் விடுவதாக இல்லை என்று அன்று வீட்டில் அறிவித்தார். பற்றிமா மறுத்துப் பேசாமல் ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கினார். சமையல் முடிந்ததும் அன்ரன் தானே சோற்றையும் கறியையும் அடுக்குச் சட்டியில் எடுத்து வைத்தார்.

“இதென்ன கூத்து? பிள்ளையை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோவன்.”

“ஏலாது. என்ர வீட்டில சோறு இல்லை எண்டு சொன்னனான். துறைமுகம் என்ர வீடோ?”

அப்படித்தான் பிரெஞ்சுக் கடற்படையின் வெள்ளைச் சீருடை போட்ட ஒருவன், கப்பலுக்கு எதிரே கரையில் மர வாங்கில் மாமனுக்கும் மாமிக்கும் நடுவில் உட்கார்ந்து, மடியில் துவாயை விரித்து நண்டுக் கறி சாப்பிடுகிற காட்சியை அன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்தார்கள். மாமனுக்குப் பிரெஞ்சு தெரியாது, மருமகனுக்கு ஜேர்மன் தெரியாது. மிஞ்சியது தமிழ். அதுவும் யசிந்தா கொண்டுபோன குருநகர்த் தமிழ், முப்பது வருடம் பெட்டியில் வைத்த சேலை மாதிரி மடிப்புக் குலையாமல் இருந்தது.

“சோளகம் எண்டு உனக்கு ஆரடா சொன்னது?”

“அம்மா. யன்னல் ஆடினால் ‘சோளகம் வந்திட்டுது’ எண்டுவா. சின்னனில அது மேல்மாடியில இருக்கிற ஆள்ற பேர் எண்டு நினைச்சனான். கனநாள் அவருக்குப் பயம்.”

அன்ரன் சிரித்தார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார். “கடலில நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?”

“மீன்பிடிக் கப்பலுகளை மறிச்சுச் சோதிக்கிறது.”

பற்றிமா கணவரைப் பார்த்தார். அன்ரன் கறிக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

“சோதிச்சு?”

“வலைக்கண் அளக்கிறது. கண் சின்னனெண்டால் எழுதிக் குடுக்கிறது.”

“எழுதிக் குடுத்து?”

“அவ்வளவுதான் மாமா. அடுத்ததுக்குப் போறது. சிலநேரம் கோப்பி தருவினம்.”

“ஆர்?”

“மீன்பிடிக்கிற ஆக்கள்.”

“உங்களுக்கு?”

“ஓம்.”

அன்ரன் கரண்டியை மறுபடி எடுத்து மருமகனுக்கு இன்னொரு நண்டை வைத்தார். “கோப்பி குடுக்கிறாங்களாம்” என்று பற்றிமாவிடம் சொன்னார், அவர் அதைக் கேட்காதது போல.

“அம்மப்பா எப்பிடி எறிவார் மாமா?” என்று நிசாந் கேட்டான்.

தகப்பனார் எப்படிப் போனார் என்பதைத்தான் அன்ரன் இத்தனை வருடமும் சொல்லி வந்தார். எப்படி இருந்தார் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். ஐயா கயிற்றை எறிவதற்கு முன்பு காற்றை ஆள்போல விளித்து ஏசுவார், வாடைக்கு ஒரு வசை, சோளகத்துக்கு வேறொரு வசை. இரண்டையும் சொல்லிக் காட்டினார். பற்றிமா காதைப் பொத்தினார். நிசாந் இரண்டாவதை மறுபடி சொல்லச் சொல்லிப் பாடமாக்கினான். கரையில் எழுந்து நின்று கையை வீசிக் காட்டியபோது அன்ரன் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் போலத் தெரியவில்லை.

பற்றிமாவின் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கணவரிடம் நீட்டினார்.

“பிள்ளை சாப்பிட்டானோ?” என்றது யசிந்தாவின் குரல்.

“சாப்பிடுறான். சட்டையெல்லாம் நண்டு.”

ஏழு வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிய முதல் பேச்சு நண்டைப் பற்றியது.

“அங்க காத்தோ அண்ணை? இரையுது.”

“சோளகம்.”

“இஞ்சயும்தான்.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “கலியாணத்துக்கு வருவியோ?”

“வீட்டிலயோ, கலியாண ஹோலிலயோ?”

“ஹோலிலதான்.”

“நான் படி மிதிக்க மாட்டன் எண்டு சொன்னனான்.”

“ஹோலுக்கும் பத்துப் படி இருக்கு அண்ணை.”

அன்ரன் யோசித்தார். நிசாந் நண்டுக் காலைக் கையில் வைத்தபடி காத்திருந்தான்.

“லிப்ட் இருக்கோ?”

“இருக்கு” என்றார் யசிந்தா.