பதினொரு பேர் தேர்ந்தெடுத்த வண்டி

புது வண்டியை விற்பது சுலபம். அதில் எந்த மாடல், அதற்கு மேல் என்னென்ன சாமான் என்று ஒரு குடும்பத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் தொழில்.

கோயமுத்தூரில் ஒரு கார் ஷோரூமின் பின்பக்க அறையில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். சீட் கவர், ஃப்ளோர் மேட், சைடு ஸ்டெப், மட் ஃப்ளாப் எல்லாம் பொருத்திக் கொடுப்பது என் வேலை. படிப்பு ஏழாவதோடு சரி. வாடிக்கையாளர் முன்னால் நின்று பேச இன்றைக்கும் கூச்சம். அதனால் அளவெடுப்பேன், எண்ணுவேன், எழுதி வைப்பேன். எல்லாருக்கும் நான் பாய். எந்தக் கடையிலாவது நின்று, "இதவிட நல்லதா வேற இருக்குதுங்களா" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்கள் இதைப் படித்தால், நான் சொல்வது உடனே புரியும். இது ஒரே ஒரு வண்டி பட்ட பாடு.

கதவு தட்டியவர்

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழனிச்சாமி, ஒரு பெரிய எஸ்யூவி வாங்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். இரண்டு வண்டியில் வந்தார்கள். டீ சொல்ல வேண்டுமே என்று எண்ணினேன். அவர், அவர் மனைவி சரஸ்வதியம்மா, மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி, தம்பிமார் இரண்டு பேர், தம்பி மனைவிமார் இரண்டு பேர், மருமகளின் அப்பா. பத்து. பதினொன்றாவது ஆள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். போன வருஷம் கார் வாங்கியவர். வண்டி வாங்க வருகிற எந்தக் குடும்பமும் இப்படி ஒரு விவரம் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு வராமல் இருக்காது.

அவர் வண்டிக்குள் ஏறவே இல்லை. நான்கு கதவுகளையும் விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். எங்கள் விற்பனைப் பெண் கௌசல்யா ஆறு ஏர்பேக் எங்கெங்கே இருக்கிறது என்று பாடம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஏர்பேக் இருக்கட்டும் அம்மணி, அது எங்கயாச்சும் இடிச்சாத்தான் வரும். கதவு தெனமும் சாத்தோணுமில்ல?"

சும்மா இருக்கிற கால்

மூன்று மாடல் இருந்தது. அடி மாடலை ஒரு நிமிஷத்தில் தள்ளிவிட்டார்கள். சம்பந்தி கூட வந்திருக்கும்போது அதை யார் பார்ப்பார்கள்? மிச்சம் இரண்டு. மேல் மாடலில் கூரை முழுக்கக் கண்ணாடி, சன்ரூஃப். ஆனால் கியர் போட்டு ஓட்ட வேண்டும். நடு மாடலில் ஆட்டோமேட்டிக் உண்டு, கண்ணாடிக் கூரை கிடையாது. மேல் மாடலிலேயே இரண்டும் சேர்ந்த வண்டி உண்டு, ஆனால் அதன் விலை அவர்கள் நினைத்து வந்ததற்கு ரொம்ப மேலே போனது.

பேத்தி சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டியதுமே பாதி முடிவாகிவிட்டது. ஓட்டு எண்ணினேன். சன்ரூஃபுக்குப் பத்து. சரஸ்வதியம்மாவை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் கிடையாது, கால் வலிக்காது என்று கௌசல்யா கடைசியாக ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பழனிச்சாமி தன் இடது காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "வண்டி ஓட்டறப்ப ஒரு கால் சும்மா இருக்கறதுக்கு எதுக்குங்க எச்சா காசு குடுக்கோணும்?"

மேட் பார்க்க வந்தவர்

மற்றவர்கள் நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சரஸ்வதியம்மா மேட் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு என் அறைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம். மேட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க பாய், அந்த சீட்ட இன்னுஞ் சித்தெ ஒசத்த முடியுங்களா?"

"எந்த சீட்டுங்கம்மா?"

"ஓட்டறவிங்க சீட்டு."

அவர் அம்மா தாராபுரத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். தோப்பிலிருந்து போக இரண்டு பஸ் மாற வேண்டும். அல்லது வீட்டில் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். வருகிற ஞாயிறு என்பார்கள். அன்றைக்கு ஒரு கல்யாணம் வந்துவிடும். இவர் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்துப் பதினைந்து மாசம் ஆகிறதாம். வீட்டில் எல்லாரும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தார்களாம். கிளட்ச்சை மிதித்தால் முட்டி ஒத்துக்கொள்வதில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர் நன்றாக ஓட்டுவார். அதேபோல் கியர் இல்லாத கார் என்றால் ஓட்டிவிடுவார்.

நடு மாடலில் டிரைவர் சீட்டை உயர்த்த ஒரு லீவர் உண்டு என்று காட்டினேன். அதற்கு மேலும் வேண்டுமென்றால் அடியில் பஞ்சு வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். பிறகு, எனக்கு வழக்கமில்லாத வழக்கமாக, வீட்டுக்காரரிடம் கேட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். "கேட்டா முடியாதுன்னு சொல்லமாட்டாருங்க. அப்பறம் பாக்கலாம்பாரு. முடியாதுன்னு சொன்னாலாச்சும் சண்டை போடலாம்."

மட்டையோடு ஐம்பது

அடுத்த வாரம் பழனிச்சாமி மகனோடு வந்தார். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம். பின்னால் எத்தனை காய் பிடிக்கும்? சாமான் வைக்கும் இடம் எத்தனை லிட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கௌசல்யா படித்துக் காட்டினாள். "பாலுங்களா ஊத்தறோம்?" என்று கேட்டார். கோயமுத்தூரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு வரும்போதெல்லாம் தேங்காய் கொண்டுவருவது அவர் வழக்கம்.

காய் உரித்ததா, மட்டையோடவா என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் என்னை மனுஷனாகப் பார்த்தார். பழைய வண்டியிலிருந்து மட்டையோடு ஒரு காயை எடுத்து வந்து கொடுத்தார். டேப் பிடித்து அளந்தேன், நீளம், அகலம், உயரம் பெருக்கிக் காயின் அளவால் வகுத்தேன், இரண்டு முறை சரிபார்த்தேன். மட்டையோடு ஐம்பது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் துண்டுக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அம்பத்திரெண்டு போகுமுங்க பாய், டயருக்கு மேல பொடச்ச மேட்டுக்கு ரெண்டு பக்கமும் இடுக்கு இருக்குது, அத நீங்க எண்ணுல."

வெள்ளைப் பூ

முன்பணம் கட்டியும் மாடலை எழுதித் தரவில்லை. வீட்டில் சரஸ்வதியம்மா வாயைத் திறந்திருக்கிறார். ஆட்டோமேட்டிக் வாங்கலாமே என்று சொன்னாராம். எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, சும்மாதான் என்று சொல்லி நிறுத்திக்கொண்டாராம். மகன் சன்ரூஃப் என்கிறார். பேத்தி அழுகிறாள். அப்பறம் பாக்கலாம் என்று சொல்லவும் முடியாது. அடுத்து ஆடி பிறக்கிறது, இந்த மாதத்துக்குள் வண்டி எடுத்தாக வேண்டும்.

கொங்குப் பக்கம் இந்த மாதிரி இழுபறிக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அம்மன் கோயிலில் பூ கேட்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைத்துக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெண் பார்த்ததற்கும் கிணறு வெட்டுவதற்கும் கேட்பார்கள். வண்டிக்குக் கேட்டதை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். வெள்ளை என்றால் சன்ரூஃப், சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக். பேத்தி எடுத்தது வெள்ளை.

மூன்றாம் முறை மறுபடியும் பதினொரு பேரும் வந்தார்கள், மேல் மாடலை எழுதிக்கொடுக்க. சரஸ்வதியம்மா ஒதுங்கி நின்று ஷோரூம் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டுக்குப் பஞ்சு வைப்பதா வேண்டாமா என்று நான் கேட்காமலே நின்றேன். அவரே சொன்னார். "பஞ்சு வேண்டாங்க பாய். பக்கத்துல உக்கார்றதுக்கு இந்த ஒசரம் போதும்."

பதினான்காவது கட்டம்

என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது. பதினான்கு கட்டம். சீட் கவர் நிறத்தில் ஆரம்பித்து வண்டியை மூடும் உறையில் முடியும். கடைசிக் கட்டம், வண்டி நிறுத்தும் இடம். வெயிலா, நிழலா, மழைச்சாரலா என்று தெரிந்தால்தான் எந்த உறை என்று எழுத முடியும். நியாயமாக அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பதினொரு பேர் பேச்சில் விட்டுப்போயிருந்தது. கட்டத்தைக் காலியாக விட எனக்கு மனசு வராது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கூச்சத்தோடு கூப்பிட்டுக் கேட்டேன்.

"வண்டிய எங்கீங்க நிறுத்துவீங்க?"

"ஊட்டு முன்னாலதானுங்க. தோப்புக்குள்ள. நல்ல நெழலு," என்றார் பழனிச்சாமி.

நான் எழுதினேன். தென்னை நிழல். எழுதும்போது அதைச் சத்தமாகப் படிப்பது என் பழக்கம்.

பதினொரு பேரும் தலையைத் தூக்கி ஷோரூம் கூரையைப் பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். அங்கே நின்ற அவர்களுடைய பழைய வண்டியின் கூரையில் மூன்று குழி. முதல் நாளே எண்ணியிருந்தேன். எப்படி வந்தது என்றுதான் யோசிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தென்னை வைத்திருப்பவர்கள், மூன்று வாரமாக ஒரு கண்ணாடிக் கூரைக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தம்பி ஒருவர், ஷெட் போட்டுக்கலாம் என்றார். விவரம் தெரிந்தவர், "போன ஆடியில எங்க ஷெட்டுத் தகரமே ஓட்டையாப் போச்சுங்க" என்று முடித்துவைத்தார். பேத்தி மட்டும், "அப்ப நான் எங்க நிக்கறது?" என்று கேட்டாள். "உக்காந்துக்கலாம் கண்ணு," என்றார் சரஸ்வதியம்மா. பிறகு கணவரைப் பார்த்தார். "நடு மாடலே இருக்கட்டுங்க. கியர் இல்லாததுன்னா நானே ஓட்டுவேன். அம்மாளப் பாக்க நானே போய்க்குவேன்."

பழனிச்சாமி அவரைப் பார்த்தார். அப்பறம் பாக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்ததை நானே பார்த்தேன். படிவம் என் கையில் இருந்தது. பேனாவும் திறந்திருந்தது. "அப்ப அம்மன் வெள்ளப்பூக் குடுத்துச்சே சரசு?" என்று மட்டும் கேட்டார். அந்தம்மா நிதானமாகத்தான் சொன்னார். "எந்த வண்டி வாங்கறதுன்னுதானுங்க கேட்டீங்க. எங்க நிறுத்தறதுன்னு அம்மங்கிட்டச் சொல்லவே இல்லியே."

பாலித்தீன் உறை

வண்டி எடுக்கும் நாளில் கம்பெனி சீட்டுக்கு மேல் போட்டு அனுப்பும் பாலித்தீனை நான் கிழித்து எடுத்துவிட்டுத்தான் கவர் போடுவேன். பழனிச்சாமி அதைத் தடுத்தார். ஒரு வருஷமாவது புதுசாக இருக்கட்டும் என்றார். வாடிக்கையாளர் சொன்னால் சரி. அதன் மேலேயே கவரை மாட்டினேன், டிரைவர் சீட்டுக்கு ஒன்றரை அங்குலம் பஞ்சு வைத்து.

எலுமிச்சம்பழம் நான்கு டயருக்கும் வைத்தாயிற்று. சரஸ்வதியம்மா ஏறி உட்கார்ந்தார். பாலித்தீன் வழுக்கியது. வண்டியைக் கிளப்ப அவர் பிரேக்கை மிதித்தால் கவர் முன்னால் வருகிறது, கவரோடு அவரும் வருகிறார். எலுமிச்சம்பழம் நான்கும் காத்திருந்தன. இரண்டு முறை பார்த்துவிட்டுப் பழனிச்சாமி என் பக்கம் திரும்பினார். கத்தரிக்கோலை அவர் கேட்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுத்தேன். முட்டி போட்டு உட்கார்ந்து, அவரே வெட்டி எடுத்தார். பின் சீட்டையும் எடுத்துவிடவா என்று கேட்டேன். "அது இருக்கட்டும் பாய். பின்னால வழுக்குனா எங்கள மாதிரி ஆளுங்கதான் உழுகோணும்."

முதல் சர்வீஸ்

ஐந்து வாரம் கழித்து முதல் சர்வீஸுக்கு வந்தார்கள். இரண்டே பேர். சரஸ்வதியம்மாதான் ஓட்டி வந்தார். கேட்டுக்குள் நுழைந்து, கோட்டுக்குள் நிறுத்தி, சக்கரத்தை நேராக்கிவிட்டு இறங்கினார். மீட்டரைப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூற்றுப் பதினேழு கிலோமீட்டர்.

"தாராபுரம் எத்தன தடவைங்கம்மா?"

"பதிமூணுங்க. அம்மாவுக்குப் பேச்சு கொழறுது பாய். ஆனா வாசல்ல இந்த ஹாரன் கேட்டா, தலையச் சீவி உடச் சொல்றாங்களாம்." அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு சர்வீஸ் அட்டையைக் கொடுக்கப் போனார்.

பழனிச்சாமி நின்றார். அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே என் அறைக்குள் வந்தார். மேட்டைப் பார்த்தார், சாவிக்கொத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று தெரிந்தது. வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்று எனக்குப் பயம். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "அவ நல்லாத்தான் ஓட்டறா, நான் கொறை சொல்லுல. டிரைவிங் ஸ்கூல் வண்டியில இருக்குமில்லீங்க பாய், பக்கத்துல உக்கார்றவனுக்கும் ஒரு பிரேக்கு, அதொண்ணு வெச்சுத் தருவீங்களா?"

இருபத்தாறு வருஷத்தில் வந்தவர்கள் கேட்டு நான் இல்லை என்று சொன்ன சாமான்கள் நாற்பத்தொன்று. அதில் இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னது இந்த ஒன்றுக்குத்தான்.