எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தர்மபுரி டவுனில் நான் வேலை பார்க்கிற எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். குடிநீர்ப் பிரிவில் ஒப்பந்த வேலை எனக்கு. விடியற்காலையில் வால்வு திறந்து தண்ணீர் விட்டதும், சோதனைப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருக்கோடி வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து புறப்படும்போது தண்ணீரில் குளோரின் இருப்பது பெரிய விஷயமில்லை. அது கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் விஷயம். குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை என்றால் வழியில் எங்கேயோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது, அல்லது ஏதோ ஒரு புண்ணியவான் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார் என்று அர்த்தம். அந்தப் புண்ணியவானைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்கும் என் குரல்.

"நீங்க இழுக்கற இழுப்புல லைன் காலியாயிருதுங்க. காலியான பைப்பு பக்கத்துல ஓடற சாக்கடையத்தான் இழுக்கும். உங்க புள்ளைங்களும் அதைத்தான் குடிக்குதுங்க, தெரியுதுங்களா?" என்பேன். ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து 'ங்க' போட்டுத்தான் திட்டுவேன். ஆனால் திட்டாமல் விடமாட்டேன்.

மோட்டார்க்காரர்களை விட எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுகிறவர்கள் வேறு சிலர். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடித்தால் பிள்ளைகளின் பல் கெட்டுவிடும், போகப்போக எலும்பையும் பிடிக்கும். அதற்காகத்தான் ஒகேனக்கல்லில் இருந்து ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி, குழாய் போட்டு, மேடு பள்ளம் ஏற்றி இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? அந்த ஆற்றுத் தண்ணீரில் துணி துவைப்பார்கள். போர் தண்ணீர் உப்பு, அதில் சோப்பு நுரைக்காது. ஆற்றுத் தண்ணீரில் கையளவு சோப்புக்குப் பக்கெட் நிறைய நுரை வரும், சட்டை பளபளவென்று இருக்கும். குடிப்பதற்கு மட்டும் போர் தண்ணீர். கேட்டால், "அது சப்புன்னு இருக்குதுங்க, பிளீச்சிங் வாடை வேற" என்பார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும் எனக்கு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் பல்லைப் பார்த்தால் போதும். பென்னாகரம் போகிற வழியில் என் ஊர். கைப்பம்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். முன்பற்கள் எல்லாம் காவி. வேலைக்கு எடுத்த அன்று அதிகாரி ஒருவர், "வெத்தல பாக்குப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார். பொண்ணு பார்க்க வந்தவர்களில் சிலர் காபி குடித்துவிட்டு எழுந்து போனதற்கும் இதுதான் காரணம். என் மகள் பிறந்தபோது நான் வேண்டிக்கொண்டது படிப்பையோ பணத்தையோ அல்ல. இந்தப் பிள்ளைக்குப் பல் வெள்ளையாக முளைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் அவளுக்கு ஒரு வயது முடிந்ததும் அதியமான்கோட்டையில் இருந்த சொந்த வீட்டை விட்டுவிட்டு, ஆற்றுத் தண்ணீர்க் குழாய் உள்ள வீடாகத் தேடி டவுனில் வாடகைக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சொந்த வீடு இருக்க வாடகை எதற்கு என்று அவர் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர் என் பக்கம் நின்றார். அதையும் சொல்ல வேண்டும்.

மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். கீழே இரண்டு பல் விழுந்து முளைத்துவிட்டது, சிறு அரிசி மாதிரி, பழுதில்லாமல். மேல் பல் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலகத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்த் தண்ணீர் சோதனை செய்து காட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் அவரவர் வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் கொண்டுவர வேண்டும், அவர்கள் முன்னாலேயே சோதித்துக் காட்ட வேண்டும். என் மகள் பள்ளிக்கூடமும் என் பங்கில் வந்தது. எனக்கோ ஒரே பெருமை. முந்தின நாளே அவளிடம், "நாளைக்கி உங்க கிளாஸுக்கு அம்மா வர்றேன்" என்றேன். அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

வகுப்பில் பெஞ்சு இழுத்துப் போட்டு, பிள்ளைகள் கொண்டுவந்த தண்ணீரைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி வரிசையாக நிறுத்தினேன். இது குளோரின் சோதனை இல்லை, ஃபுளோரைடு சோதனை. மருந்து விட்டதும் தண்ணீர் ரோஸ் நிறமாக நின்றால் நல்லது. ஃபுளோரைடு ஏற ஏற ரோஸ் போய் மஞ்சளாகும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ரோஸ், ரோஸ், ரோஸ். ஒன்றிரண்டு கொஞ்சம் வெளுத்தது. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யாருடைய தண்ணீர் என்று பார்க்கக்கூட இல்லை. குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். "பாருங்க டீச்சர், இதத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நல்ல தண்ணிய வாசப்படி வரைக்கும் கொண்டாந்து குடுக்கறோம். அதுல துணி தொவச்சுக்கிட்டு, பெத்த புள்ளைக்கு இந்தத் தண்ணிய ஊத்திக் குடுக்குதுங்களே, இதுங்களுக்கு எல்லாம் அறிவுன்னு ஒன்னு இருக்குதா? புள்ளையப் பெத்தா மட்டும் போதுமா? இது யாரு வூட்டுத் தண்ணி?"

யாரும் கை தூக்கவில்லை. நான் விட்டேனா? "சொல்லுங்க கண்ணு, பயப்படாதீங்க. உங்க அம்மாவ நாளைக்கி வந்து என்னையப் பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

மூன்றாவது பெஞ்சில் என் மகள் எழுந்து நின்றாள். "அம்மா, அது நம்ப வூட்டுதும்மா" என்றாள்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்குக் காது மடல் எல்லாம் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. டீச்சர் நல்லவர், "பாட்டில் சரியா கழுவாம இருந்திருக்கும்ங்க" என்று எனக்கு ஒரு வழி காட்டினார். நானும் வெட்கமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாங்க டீச்சர், அப்படித்தான் இருக்கும்."

"இல்ல மிஸ், நல்லாக் கழுவித்தான் அப்பா குடத்துல இருந்து ஊத்துனாரு" என்றாள் என் மகள். பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். மிச்சச் சோதனையை எப்படி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியை மூடிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனேன். குடத்துத் தண்ணீரில் மருந்து விட்டேன், மஞ்சள். பின்னால் நீல டிரம்மில் இருந்த ஆற்றுத் தண்ணீரில் விட்டேன், நல்ல ரோஸ். டிரம்முக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லும் சோப்பு டப்பாவும் இருந்தன. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது அவர்தான். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் நான் வேறு தெருவில் நிற்பேன். அவர் ஆட்டோ எடுப்பதற்கு முன்னால் டிரம்மை நிரப்பி, குடத்தை நிரப்பி, பிள்ளைக்குச் சோறு கட்டி, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அனுப்புவார். டிரம்மில் இருந்துதான் குடத்துக்கு வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "கொடத்துல என்ன தண்ணிங்க ஊத்தறீங்க?"

"போர் தண்ணி. ஏன்?"

"ஏனா? எதுக்குங்க இந்த வூட்டுக்கு வந்தோம்? எதுக்கு வாடக குடுக்கறோம்?"

அவருக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "ஆத்துத் தண்ணி நாள் விட்டு நாள்தான வருது? டிரம்ல தேங்குன பழைய தண்ணி அது. அத எப்பிடிப் புள்ளைக்குக் குடுக்கறது? போர்ல தெனமும் காலைல புதுசா புடிச்சு ஊத்தறேன். பழசு துணிக்கு, புதுசு குடிக்கறதுக்கு. இதுல என்ன தப்பு?" என்றார். பிறகு, "டவுன் வூடு, டவுன் போரு. உங்க ஊரு கைப்பம்பு மாதிரியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

பழசு, புதுசு. அவர் சோம்பேறித்தனத்தில் செய்யவில்லை. தினமும் குடத்தைப் புளி போட்டு விளக்கி, பிள்ளைக்குப் புதுத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார் மனுஷன். அது தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. படிக்காதவன், மண்ணு மூளை என்று என்னென்னவோ சொன்னேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீயும்தான அந்தக் கொடத்துல குடிச்ச? தண்ணி டெஸ்ட் பண்றவ நீயா, நானா?"

கிழிஞ்சது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நானும் அதே குடத்தில் மொண்டு குடித்திருக்கிறேன். என் நாக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிறு வயதில் இருந்து பழகிய ருசி, அதுதான் தண்ணீர் என்று நாக்கு நினைத்துக்கொண்டது. சொல்லப்போனால், எங்கள் வீட்டுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அலுவலகத்தில் பெருமை வேறு பேசியிருக்கிறேன். சீ!

அன்றைக்கே குடத்தைக் கவிழ்த்தோம். மூடி போட்ட புது டிரம் ஒன்று குடிப்பதற்கென்று தனியாக வாங்கினார். சாயங்காலம் பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மா விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "கீழ்ப் பல்லு தப்பிச்சிருச்சு. மேல வரப்போற பல்லு இந்தத் தண்ணி குடிச்ச காலத்துலதாங்க ஈறுக்குள்ள உருவாயிருக்கும். உள்ள என்ன ஆயிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. தண்ணிய மாத்துனது நல்லது. மொளைக்கட்டும், பாக்கலாம்" என்றார். திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஆட்டோவை மெதுவாக ஓட்டினார். பின் சீட்டில் மகள் ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே வந்தாள்.

பள்ளிக்கூடக் கதை தெருவுக்கு வராமல் இருக்குமா? பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை ஒரு வீட்டில் மோட்டாரைக் கண்டுபிடித்து நான் வாயைத் திறந்ததும், அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மொதல்ல உங்க வூட்டுக் கொடத்தப் பாத்துட்டு வாங்கக்கா" என்றாள். பக்கத்து வீட்டு வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் குப்பியில் தண்ணீர் பிடித்தேன், மருந்து விட்டேன், அது மஞ்சளாகவில்லை, குளோரின் இல்லை என்று எழுதிக்கொண்டு பேசாமல் நடந்தேன். அந்த மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வால்வு திறக்கிற லைன்மேன் அண்ணன், "என்னம்மா, உடம்பு சுகமில்லியா? சத்தத்தையே காணோம்" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மேல் பல் இரண்டும் விழுந்தன. நான் தினமும் காலையில் மகளின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். அவளுக்கு அது விளையாட்டு. "வந்துருச்சாம்மா? வந்துருச்சா?" என்று கேட்பாள். இன்னும் இல்லை என்றால் எனக்கு நிம்மதியாக இருக்கும். எந்தத் தாய் தன் பிள்ளைக்குப் பல் முளைக்காமல் இருந்தால் சந்தோஷப்படுவாள், சொல்லுங்கள்!

முளைத்தது. நுனி தெரிந்தபோது வெள்ளையாகத்தான் இருந்தது, அவர் கை எடுத்துக் கும்பிட்டார். பாதி இறங்கியபோது எனக்குத் தெரிந்துவிட்டது. சாக்பீஸால் கிறுக்கின மாதிரி குறுக்கே கோடுகள், ஓரத்தில் திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பு வெள்ளை. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது, காவி ஏறியது பிறகுதான். டாக்டர் அம்மா, "லேசாத்தான் இருக்குது, பெரிசாப் பயப்படாதீங்க, வளந்தப்புறம் சரி பண்ண வழி இருக்குது" என்றார். அவர் சொல்லிவிட்டார். நான் அழுதுகொண்டேதான் வீடு வந்தேன்.

மகளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்தேன். பல் வந்த சந்தோஷத்தில் கரும்பு கடித்தாள், கொய்யா கடித்தாள், ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் ஈயென்று காட்டினாள். அவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

போன மாசம் என் அண்ணன் மகள் கல்யாணம், பென்னாகரத்தில். மேடையில் எங்கள் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். மகளுக்குப் பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ. பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னால் அவளை நிறுத்தினோம். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் இருந்து, "பாப்பா, பல்லு தெரியச் சிரி" என்றார். அவள் இருக்கிற பல் எல்லாம் தெரியச் சிரித்தாள். மேடை விளக்கு நேராக அவள் வாயில் அடித்தது. கீழே முதல் வரிசையில் சொந்தக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. குனிந்து அவள் காதோரம், "வாய மூடிக்கிட்டுச் சிரி கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் உடனே உதட்டைச் சேர்த்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை.