ஏழாவது மேனுவல்

இயந்திரத்தை ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். அதைப் பற்றிய புத்தகத்தைத் திருத்துகிறவன் பிழைப்புதான் நாய்ப் பிழைப்பு. அறுபதுகளில் நெய்வேலிச் சுரங்கத்தில் எனக்கு அந்த வேலை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டே காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கரப்பான் தின்ற பசை

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தமிழில் மேனுவல், ஏழு பிரதி. எதை மாற்றினாலும் நான் திருத்தச் சீட்டு டைப் அடித்து, மைதாப் பசை காய்ச்சி, ஏழிலும் பழைய பத்தியின் மேல் ஒட்ட வேண்டும். பசையைக் கரப்பான் தின்னும், சீட்டு உதிரும். ஒருநாள் இன்ஜினீயர் புத்தகத்தைப் பிரித்ததும் நாலு சீட்டு அவர் மடியில் விழுந்தது.

"சீட்டு ஒட்டுறீரா, கரப்பானுக்குப் படையல் போடுறீரா?"

ஏழுக்கும் கையெழுத்து

நிலக்கரி ஏற்றிப்போகும் பெல்ட்டை அவசரத்துக்கு நிறுத்த இடது பக்கம் ஒரு கைப்பிடி இருந்தது. ஒரு வியாழக்கிழமை அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வலது பக்கம் கயிறு வைத்தார்கள். பழைய கைப்பிடியை யாரும் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு பிரதியில் சீட்டு ஒட்டிவிட்டேன். ஏழாவது, குழிக்குள்ளே பெல்ட் ஓரக் கொட்டகையில். அந்த வெயிலில் இறங்கச் சோம்பலாக இருந்தது. போர்மேன் பதிவேட்டை நீட்டினார்.

"ஏழுக்கும் கையெழுத்துப் போட்டுடுங்க சார். திங்கக்கிழமை ஒட்டிக்கலாம்."

சனிக்கிழமை

கோவிந்தன் கம்மாபுரம் பக்கத்துக்காரர், பெல்ட்டில் பெர்மனென்ட். விடுமுறை முடிந்து அன்று காலைதான் வந்தார். ஷிப்ட் தொடங்குமுன் புது ஆளுக்கு மேனுவலை வாய்விட்டுப் படித்துக்காட்டுவது அவர் வழக்கம். அன்றைய புது ஆள் கலியபெருமாள், கான்ட்ராக்ட்.

பத்து மணிக்குக் கோவிந்தனின் கை உருளையில் மாட்டியது. கலியபெருமாள் ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். வேறொருவர் வந்து கயிற்றை இழுப்பதற்குள் முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

சேதி வந்ததும் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. பசை டப்பாவும் ஏழாவது சீட்டுமாகக் குழிக்கு ஓடினேன். மறுநாள்தான் கோவிந்தனைப் பார்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தாங்க அவனுக்குக் கைப்பிடின்னு படிச்சிக் காட்டுனேன். புஸ்தகத்துல அப்படித்தாங்க இருந்துச்சி."

விசாரணை

அதிகாரி ஏழாவது மேனுவலைப் பிரித்தார். சீட்டு இருந்தது. பதிவேட்டில் வெள்ளிக்கிழமைத் தேதியில் என் கையெழுத்தும் இருந்தது. வலியில் கோவிந்தனுக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். போர்மேன் ஜன்னலைப் பார்த்தார். நானும் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். தப்பான கைப்பிடியை இழுத்தார் என்று கலியபெருமாளை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வெளியே போகும்போது வாசலில் அவர் என்னிடம் கேட்டார்:

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. படிச்சி சொன்னதத்தான செஞ்சிக்கினு இருந்தேன்?"

இத்தனை வருட வேலையில் நான் ஒட்டிய சீட்டெல்லாம் கரப்பான் தின்று உதிர்ந்துபோனது, அந்த ஒன்றைத் தவிர.