எதையும் தொடவில்லை என்றேன்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயர் ஏழரை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டுக்குள் நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டார். கதவை நெம்பித் திறந்தபோது மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். இவர் அதை வாங்காமல், “மேல பிரேக் தேய்ஞ்சிருக்கு, சத்தம் கேக்குது” என்றாராம். ஏழரை என்ற சொல்லுக்கு ஊரில் இருக்கிற கெட்ட பெயரும் சேர்ந்துகொள்ள, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர் அத்தான். என் அப்பாவுக்கு முகத்துக்கு நேரே மாப்பிள்ளை, முதுகுக்குப் பின்னால் ஏழரை.

ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், ஒரு குட்டி டார்ச், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர் ஒன்று. எந்த இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாலும் கையை வைக்கமாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார்: “கடைசியா யார் தொட்டது? என்ன தொட்டீங்க?” யாருமே தொடவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்பவரின் கையைத்தான் முதலில் பார்ப்பேன் என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். விளம்பரப் படம், ஆண்டு விழாப் படம், யாராவது ஓய்வு பெற்றால் அதற்கொரு படம். இந்த வேலைக்கு மேக் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கடையில் விற்கிற மேக் எனக்கு எட்டாக்கனி. அத்தான்தான் தனித்தனியாகச் சாமான் வாங்கி, பதினேழு நாள் உட்கார்ந்து, சாதாரணப் பெட்டி ஒன்றில் மேக்கின் மென்பொருளை ஓட வைத்தார். அந்த மென்பொருள் அந்தக் கம்பெனியின் பெட்டியில் ஓடுவதற்காகச் செய்தது. மற்றப் பெட்டியில் ஓட வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஃபோல்டர் வேண்டும். இயந்திரம் எழுந்திருக்கும்போதெல்லாம் அதுதான் உள்ளிருக்கும் ஒவ்வொரு சாமானையும் மென்பொருளுக்கு அறிமுகம் செய்துவைக்கும். எனக்குப் புரியவில்லை என்றதும் அத்தான் சுருக்கிச் சொன்னார்.

“அந்த ஃபோல்டர் வாட்ச்மேன் மாதிரி, மச்சான். தெரிஞ்ச ஆளைத்தான் உள்ள விடுவான். புது ஆள் வந்தா முழிப்பான். அதனால அப்டேட் பண்ணவான்னு மெஷின் கேட்டா அழுத்தாதே. நான் வந்து வாட்ச்மேன்கிட்ட முதல்ல சொல்லி வைக்கிறேன். அப்புறம் அழுத்தலாம்.”

நான்கு வருடம் ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓடியது அந்தப் பெட்டி.

எங்கள் வீட்டின் முன்னறைக்குத் தெருப்பக்கம் ஒரு ஷட்டர் உண்டு. அப்பா கடை வைத்திருந்த இடம். கடையை மூடிய பிறகு சும்மா கிடந்தது. அத்தானுக்கு நாற்பத்தாறு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. லிஃப்ட் ரிப்பேருக்கு மொட்டை மாடி வரை படி ஏற வேண்டும். லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் மெக்கானிக்குக்கு ஏது லிஃப்ட்? அந்த முன்னறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் கேட்கவில்லை. அக்காதான் அப்பாவிடம் கேட்டாள். அப்பா “பார்க்கலாம்” என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள். ஆனால் அந்தத் தடவை கூடவே இன்னொன்றும் சொன்னார்: “இவனோட மெஷின் நாலு வருஷமா ஓடுதே. ஆள் கெட்டிக்காரர்தான் போல.” அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு அக்கா ஒரு மாதமாகச் சிரித்த முகத்தோடு வளைய வந்தாள். எங்கள் வீட்டு மாடியில் இரண்டே அறையில் பதினெட்டு வருடமாகக் குடித்தனம் செய்பவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நீச்சல் பள்ளி நடத்தும் அம்மா ஒருவர் பாதியில் நின்ற வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வேறொருவர் தொடங்கி வைத்த படம். திறந்தால், இதைவிடப் புதிய மென்பொருள் வேண்டும் என்றது. அத்தானுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். முப்பத்தாறு வயது ஆள் ஒரு பொத்தானை அழுத்துவதற்கு அக்கா புருஷனிடம் உத்தரவு வாங்க வேண்டுமா என்று எனக்குள் ஒரு வீறாப்பு. அழுத்தினேன். நன்றாகத்தான் போனது. இரண்டு முறை அணைந்து எழுந்தது. மூன்றாவது முறை ஆப்பிள் படம் வந்து, கீழே கோடு பாதி தூரம் நகர்ந்து, நின்றது. அணைத்துப் போட்டேன். அதே இடம். திரும்பத் திரும்ப அதே இடம்.

மாலை ஐந்து மணிக்கு அத்தான் வந்தார். கையில் அளவு டேப். பின்னால் அப்பா. இரண்டு பேரும் முன்னறையில் மேசை எங்கே போடலாம் என்று அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அப்பா டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடியே என் அறைக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அத்தான் திரையைப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“கடைசியா என்ன தொட்டே, மச்சான்?”

“எதையும் தொடலை அத்தான். காலைல ஆன் பண்ணேன். இப்படி நிக்குது.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்பா நின்றார், அதனால். நான் தொட்டது எதுவும் உருப்படாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். சைக்கிளில் தொடங்கி, கல்லூரி, நின்றுபோன கல்யாணம் வரைக்கும் அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. அதில் இன்னொன்று சேர வேண்டாம் என்று பார்த்தேன். அது மட்டும்தானா என்றால், இல்லை. ஒரு தடவையாவது அப்பா அந்தப் பார்வையை வேறு யார் மீதாவது திருப்பட்டுமே என்றும் இருந்தது. இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

அத்தான் அப்பாவின் பக்கம் திரும்பினார். “வெளியாள் சொன்னா நான் நம்பமாட்டேன் மாமா. இவன் சொல்றான். அப்ப நான் மாட்டின சாமான்லதான் ஏதோ கோளாறு.”

அப்பா டேப்பை விட்டார். அது சர்ரென்று சுருண்டுகொண்டது.

புதன்கிழமை அத்தான் லீவு போட்டார். தரையில் செய்தித்தாள் விரித்து, பெட்டியைப் பிரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவார். நினைவகத் தகடுகளை எடுத்து, அழிரப்பரால் அவற்றின் பற்களைத் தேய்த்து, ஒன்றைப் போட்டுப் பார்த்தார். பிறகு மற்றதை. பிறகு கிராபிக்ஸ் கார்டு. பிறகு நண்பர் ஒருவரிடம் ஓடிப்போய் வேறு பவர் சப்ளை வாங்கிவந்து மாட்டினார். கோடு பாதியிலேயே நின்றது. மென்பொருள் தானாக மாறாது என்பதால் அந்தப் பக்கமே அவர் போகவில்லை. என் ஒரு வார்த்தை அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தது.

நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். “ஃபேன் சத்தம் முந்தி இப்படியா இருந்துச்சு?” என்று கேட்பார். நான் தலையைச் சாய்த்துக் கேட்டு, யோசிப்பதுபோல் யோசித்து, “கொஞ்சம் மாறியிருக்கோ அத்தான்?” என்பேன். ஒன்றும் மாறவில்லை. அவர் அதையும் நம்பி ஃபேனைக் கழற்றினார். மதியம் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை எடுத்துப் போட்டார். அதனால் நான்கு வருடத்துக்கு முன் அவர் பார்த்துப் பார்த்து அமைத்த அமைப்பெல்லாம் அழிந்து, பெட்டி ஆப்பிள் படம் வரைகூட வராமல் அடம்பிடித்தது. அதைத் திரும்பச் சரிசெய்யவே பொழுது சாய்ந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் தரையிலிருந்து எழுந்தபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன மாப்பிள்ளை, இப்ப ஏழாவது மாடியா, எட்டாவது மாடியா?”

முகத்துக்கு நேரே அப்பா அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. நான் சிரித்தேன். பயத்தில் சிரித்தேனா, அப்பாவோடு சேர்ந்துகொள்ளும் ஆசையில் சிரித்தேனா தெரியாது. சிரித்தேன். அத்தானும் சிரிக்க முயன்றார்.

அந்த இரவே சொல்லிவிடலாம் என்று மாடிப்படி வரை போய்த் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் அழுத்தினேன் என்று சொன்னால் போதும். புதன்கிழமை சொன்னால், நாள் முழுக்க எதற்கு டார்ச் பிடித்தாய் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமையும் அவர் லீவு. சாமான் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, வேறு வழியில்லாமல், ஆப்பிள் படத்துக்குப் பதிலாக எழுத்துகள் ஓடும்படி மாற்றினார். எழுந்திருக்கும்போது இயந்திரம் தான் செய்வதையெல்லாம் வரி வரியாகச் சொல்லும். கண்ணால் பிடிக்க முடியாத வேகம். அத்தான் அதைப் போனில் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, வரி வரியாகப் படித்தார். முதல் திரையிலேயே ஒரு வரியில் நிறுத்தினார். மென்பொருளின் பதிப்பு எண். போனில் பழைய படங்களைத் தேடி, பெட்டி செய்த நாளில் எடுத்த ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு எண்ணும் வேறு வேறு.

“இது தானா மாறாது, மச்சான்.”

அவருடைய காது மடல்கள் சிவந்தன.

“சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமையே ஒரு மணி நேரத்துல எழுந்திருக்கும். அது போகட்டும். அழுத்தினே, சரி, எல்லாரும் அழுத்துறதுதான். ஆனா ரெண்டு நாளா நான் தேடுறேன், நீ பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. அது எப்படிடா உன்னால முடிஞ்சுது?”

அவர் என்னை டா போட்டதில்லை. நான் தரையைப் பார்த்தேன். செய்தித்தாளில் ஒரு திருகாணி கிடந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் வாங்கிக்கொண்டார்.

அப்பாவின் லேப்டாப்பில் அந்த வாட்ச்மேன் ஃபோல்டருக்கான புதிய கோப்புகளை இறக்கி, பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பெட்டியை எழுப்பினார். நாற்பது நிமிடம். கோடு பாதியைத் தாண்டிப் போய் முடிந்தது. என் வேலைகள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். “எழுந்துடுச்சா? என்னதான் கோளாறு?”

அத்தான் துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்காக இடம் விட்டு நிற்கிறார் என்று நன்றாகத் தெரிந்தது. நான் நீச்சல் பள்ளிப் படத்தைத் திறந்து, வேலை தலைக்கு மேல் இருப்பவன்போல் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“என் கவனக்குறைவுதான் மாமா. முன்னாடியே பார்த்து வெச்சிருக்கணும்.”

“நம்ம வீட்டு மெஷினுக்கே மூணு நாள். நாளைக்கு ஊரான் கொண்டுவந்து வெச்சா என்ன பண்ணுவீங்க?”

“சரிதான் மாமா” என்றார் அத்தான். படியேறி மாடிக்குப் போனார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

சனிக்கிழமை படத்தைக் கொடுத்தேன். அந்த அம்மா கை குலுக்கிப் பாராட்டினார். பாராட்டு எனக்கு உடம்பில் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். அப்பா மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன்.

“அப்பா, அந்த அப்டேட்டை அழுத்தினது நான்தான். அழுத்தக்கூடாதுன்னு அத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார். எதையும் தொடலைன்னு நான் பொய் சொன்னேன். அவர் மேல ஒரு தப்பும் இல்லை. முன்னறையை அவருக்குக் குடுங்க.”

அப்பா பேப்பரை இறக்கினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

“அவரே ஒத்துக்கிட்டாரேடா.”

“எனக்காக ஒத்துக்கிட்டார்.”

“இருக்கட்டும். மெத்தைக் கடைக்காரர் கிடங்கு வேணும்னு கேட்டார். வெள்ளிக்கிழமையே சாவி கொடுத்தாச்சு. கொடுத்த வாக்கை மாத்த முடியாது” என்று அப்பா பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

அக்காவின் கத்தி நின்றிருந்தது. அவள் திரும்பினாள். முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது, அத்தான் அவளிடமும் சொல்லவில்லை.

“நீயாடா?”

தலையாட்டினேன்.

“வியாழக்கிழமை மேல வந்து உட்கார்ந்தார். நான் என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா? அப்பா முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்கன்னேன். உங்களுக்கு லிஃப்டே போதும், கடை ஆசையெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னேன்.” மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். “எல்லாத்தையும் கேட்டுட்டு, சரின்னு சொன்னார்டா. அவ்வளவுதான் சொன்னார்.”

கத்தியைக் கீழே வைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் மாடிக்கு ஓடினாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் பின்னால் போவது? நறுக்கி முடிக்காத காய்க்கு முன்னால் நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.