பச்சைப் பெயிண்ட் அடித்த அடைகல்

பதினோரு வயதில் நான் மிகவும் வெறுத்தது அக்காவின் காதுகளை. என்னுடையதைவிட அழகாக ஒன்றும் இல்லை அவை. ஆனால் அப்பா அவற்றைத்தான் நம்பினார்.

காவலூருக்கு மேலே, மலையில் இருக்கும் எங்கள் ஊரில் அப்பாவுக்கு இரும்புப் பட்டறை. அப்பா சுத்தியலும் அம்மா சம்மட்டியுமாகப் பல வருஷம் அடித்ததில் இருவருக்குமே காது மந்தமாகிவிட்டது. எங்கள் வீட்டில் "சாப்பிட வா" என்று கூப்பிடுவதே வழியில் போகிறவர்களுக்குச் சண்டை போலக் கேட்கும்.

ஆனால் பழைய இரும்பு வாங்கப் போகிறவருக்குக் காது வேண்டும். ஆலங்காயத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்குத் திங்கட்கிழமை லோடு வரும். அப்பா முதல் பஸ்ஸில் அக்காவைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். லாரி ஸ்பிரிங் பட்டையோ உடைந்த அச்சோ, எதைத் தட்டினாலும் அவள் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா சொல்லுது?" என்று கேட்பாராம். பத்தாம் வகுப்புப் படிக்கிற அவள் கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வாளாம். சாயங்காலம் திரும்பும்போது அவள் கையில் பரோட்டா வாசனை அடிக்கும். நானும் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் தட்டிப் பழகினேன். அம்மாவின் ஈயக் குண்டான் நசுங்கியதுதான் மிச்சம்.

புளி உலுக்கும் காலம் தொடங்கியது. ஊரே துறட்டிக்கும் கொடுவாளுக்கும் அப்பாவைத் தேடி வரும் நேரத்தில் எங்கள் அடைகல்லின் விளிம்பு பெயர்ந்துவிட்டது. கல் என்பது பேர்தான். இரும்பைக் காய்ச்சி மேலே வைத்து அடிக்கிற அது முழுக்க இரும்பு. அது இல்லாமல் பட்டறை இல்லை. கடைக்காரர் போன் செய்தார். ஏதோ ஒர்க்‌ஷாப்பிலிருந்து பழைய அடைகல் ஒன்று வந்திருக்கிறது, உங்களுடையதைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் பணம் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்தத் திங்கட்கிழமை காலை அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். அப்பா வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். நான் அதற்குள் தலை வாரி முடித்திருந்தேன்.

கிளம்பும்போது அக்கா என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போய், உள்ளங்கையில் ஒரு சைக்கிள் பேரிங் குண்டை வைத்து அழுத்தினாள்.

"லேசா தட்டிப் பாரு. கணீர்னு வரணும். தொப்புனு கேட்டா உள்ள வெடிப்புன்னு அர்த்தம். சந்தேகமா கீதுன்னா இந்தக் குண்ட மேல போடு. நல்லா எகிறி வரணும். வரலன்னா வேணாம்னு சொல்லிடு. நீ மட்டும் இத கத்துக்கினா, திங்கக்கிழம திங்கக்கிழம வெக்கிற கணக்குப் பரீட்சைக்கு நான் போய்டுவேன்டி."

அவள் சொன்னதில் என் காதில் விழுந்தது அந்த அதிகாரம் மட்டும்தான். வயிற்று வலியிலும் பெரியமனுஷித்தனம் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். பஸ் ஏறும் முன் குண்டைச் சாக்கடையில் போட்டேன். அவள் கொடுத்த குண்டால் பார்த்தால் அது அவள் பார்த்ததாகிவிடும்.

கடை வாசலில் பச்சைப் பெயிண்ட் பளபளக்க அடைகல் நின்றது. அப்பா அதைச் சுற்றி வந்தார், கல்லின் கூர்மூக்கைத் தடவினார், சுத்தியலால் தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்லுது?"

அந்த 'ம்மா' முதல்முறையாக எனக்கு வந்தது. கல் என்ன சொன்னது என்பது எனக்கும் கேட்டது. ஈர மண்ணில் தேங்காய் விழுந்தது போன்ற சத்தம். வேண்டாம் என்றால் வெறுங்கையோடு போவோம், அடுத்த வாரம் அக்கா வருவாள், இதைவிட நல்லதாக ஒன்றைக் கண்டுபிடிப்பாள்.

"கோயில் மணி மாதிரி கீதுப்பா" என்றேன்.

அப்பா சிரித்தார். பரோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் கையைச் சரியாகக் கழுவாமலேயே, ஷேர் ஜீப்பில் அடைகல்லின் மேல் கால் வைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

நாங்கள் போன அரை மணியில் வலி நின்று அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டதாக அம்மா சொன்னாள். விரலில் மையோடு அவள் திரும்பி வந்தபோது அப்பா முதல் இரும்பைக் காய்ச்சி வைத்திருந்தார். அம்மா சம்மட்டியை ஓங்கினாள். மூன்றாவது அடியில் பெயிண்ட் உரிந்தது. அதன் அடியிலிருந்து கார்களுக்குப் பூசும் பட்டி, உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. மேலிருந்து கல்லின் இடுப்புவரை வெடிப்பு.

அப்பா போன் செய்தார். அடித்த கல்லைத் திரும்ப எடுக்க முடியாது, உங்கள் பழைய கல் லோடில் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னார். அப்பா என்னைத் திட்டவில்லை. "பெயிண்ட் பூசி ஏமாத்திட்டான்" என்று அம்மாவிடம் கத்தினார். அன்றிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டின் மேல்தான் வேலை. முனை கோணிப்போன துறட்டிகளை ஊர்க்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அக்கா மட்டும் என் தோளைப் பிடித்தாள். "குண்டு போட்டியா?"

"போட்டேன். எகிறிச்சு."

என் தோளை விட்டாள். பிறகு கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோற்றது நான், இவள் எதற்கு அழுகிறாள்?

வேறு அடைகல் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தத் திங்கட்கிழமைகள் எல்லாவற்றிலும் அக்கா ஆலங்காயத்தில் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவள் கணக்கில் தேறவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பள்ளிக்கு அனுப்பவும் இல்லை.

வெடிப்பு தெரிந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை காலை எனக்கு இப்போதும் அப்படியே தெரிகிறது. முதல் பஸ் வந்து நின்றது. அப்பாவுக்குப் பின்னால் அக்கா ஏறினாள். நான் சீருடையும் புத்தகப் பையுமாக, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நின்று பார்த்தேன். பஸ் வளைவில் திரும்பும்வரை அவள் கண் எடுக்காமல் என் பையையே பார்த்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்துவிட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது.