தானா கெட்டுப்போனா

கட்டையால் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்கிறார் கன்னியப்பன். 'டொம்' என்றால் காற்று இருக்கிறது, 'தொப்' என்றால் இல்லை. எல்லா டயரும் டொம் என்றுதான் சொல்கின்றன. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தவர், முதல் டயர் அதற்குள் மனம் மாறியிருக்குமோ என்று திரும்பி வந்து அதற்கு மட்டும் இன்னொரு தட்டு வைக்கிறார். அப்புறம்தான் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும் சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைத் திருப்புவார்.

சேரப்பணஞ்சேரிக்காரர். குன்றத்தூரில் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் தெற்கத்திப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ஒரகடத்துக் கம்பெனி வாசலில் இறக்கிவிடும் ஷிப்ட் பஸ் அவருடையது. அவருடையது என்றால் ஓட்டுவது மட்டும்தான். வண்டி டிராவல்ஸ்காரருக்குச் சொந்தம். ஆனாலும் அதில் ஒரு கீறல் விழுந்தால் தன் கன்னத்தில் விழுந்த மாதிரி தடவிக்கொண்டு நிற்பார். நடுவழியில் நின்றுபோனது என்ற பேச்சு அந்த வண்டிக்கு இதுவரை வந்ததில்லை. எப்படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"தானா எதுவும் கெட்டுப்போவாதுபா. எவனோ ஒருத்தன் கை வெச்சிருப்பான், அப்பதான் கெட்டுப்போவும்."

சொல்லும்போது குரல் கணீரென்று இருக்கும். ஆள் என்னவோ சரியான பயந்தாங்கொள்ளி. திருடனுக்கும் பேய்க்கும் பயப்படுகிறவர் அல்ல, பொருள்களுக்குப் பயப்படுகிறவர். புதிதாக ஏதாவது ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அன்றோடு அவர் நிம்மதி போச்சு. டிவி ரிமோட் வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இன்றும் வேலை செய்கிறது. உறை மங்கிவிட்டதால், எந்தப் பொத்தான் எதற்கு என்பது வீட்டில் இருப்பவர்களின் விரல்களுக்கு மட்டும்தான் தெரியும். பரண் முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகள். மிக்ஸிப் பெட்டி, ஃபேன் பெட்டி, என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்ட குக்கரின் பெட்டி. டப்பா இல்லை என்றால் வாரண்டி கொடுக்கமாட்டான் என்பது அவர் கட்சி. "நல்லவேள, என்னக் கட்டிகினு வரும்போது டப்பால போட்டுக் குடுக்கல. இல்லன்னா அதுவும் இந்நேரம் பரண்லதான் கெடக்கும்" என்பாள் மனைவி ஜோதி.

இப்படிப்பட்ட மனிதர் மகளுக்கு லேப்டாப் வாங்கியாக வேண்டும் என்று வந்துவிட்டது. கலைமதிக்குப் பக்கத்திலேயே ஒரு இன்ஜினியரிங் காலேஜில், கம்ப்யூட்டர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மாதாமாதம் கட்டிவந்த சீட்டை எடுத்துப் பணத்தைத் தயார் செய்துவிட்டார். ஆனால் அது ஒரு தடவை வாங்குவதற்கான பணம். படிப்பு முடிகிறவரை அந்த ஒரே லேப்டாப் உழைக்க வேண்டும். நடுவில் கண்ணை மூடிவிட்டால் இன்னொன்றுக்கு வழியில்லை. இது அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அதனால்தான் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் ஒரு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஏறுகிறவர்களை எல்லாம் விசாரித்தார். ரோட்டில் ஒரு கண், உள்கண்ணாடியில் ஒரு கண். ஒருத்தி ரேமைப் பார்க்கச் சொன்னாள், ஒருத்தி புராசஸரைப் பார்க்கச் சொன்னாள், இன்னொருத்தி ஆன்லைனில் தள்ளுபடி வரும்வரை பொறுக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார். "அது சரிம்மா, வாரண்டி எப்டி?"

முன் சீட்டில் எப்போதும் பூமாரிதான். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் சேர்ந்திருப்பவள். கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது.

"ஒரு பொட்டிக்குப் போயி இம்புட்டு வெசனப்படுதியளே அண்ணாச்சி. எனக்கே பதினோரு மாசந்தான் வாரண்டி. அதுக்கு மேல வச்சிக்கிடணுமா, வீட்டுக்கு அனுப்பணுமான்னு கம்பெனிதான் சொல்லும்."

பஸ்ஸே சிரித்தது. கன்னியப்பனும் சிரித்துத்தான் வைத்தார். படப்பை சிக்னலில் வண்டி நின்றதும் மெதுவாகத் திரும்பினார். "அப்ப உனுக்கு எக்ஸ்டென்ஷன் குடுப்பாங்களா மாட்டாங்களா?"

"மனசு வச்சா குடுப்பாவ" என்றாள் பூமாரி. அன்று முதல் அவருக்குக் கவலைப்பட இரண்டு விஷயம் ஆயிற்று.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்றால், அதற்கு அந்த வீட்டில் ஒரு பெயரே உண்டு: சந்தனக் கேஸு. கொரோனா சமயம். கலைமதி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆன்லைன் வகுப்புக்காகப் புது போன் ஒன்று வாங்கியிருந்தார்கள். ஆயுத பூஜை வந்தது. வண்டிக்காரர் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டால் கேட்கவா வேண்டும். ஸ்டியரிங், டயர், ஜாக்கி, ஸ்பேனர், தையல் மிஷின், சுவிட்ச் பெட்டி என்று ஒன்றையும் விடவில்லை. அதே வேகத்தில் போனுக்கும் வைத்தார். திரையில் வைத்தால் பிள்ளைக்குப் பாடம் மறைக்கும் என்று யோசித்து, பக்குவமாக அடி விளிம்பில், சார்ஜர் சொருகும் ஓட்டைக்கு நேராகத் தாராளமாய் அப்பினார். மறுநாள் சார்ஜ் ஏறவில்லை. அதற்கு அடுத்த நாள் போனே போய்விட்டது.

சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்துவிட்டு, ஈரம் உள்ளே போயிருக்கிறது, லிக்விட் டேமேஜ், வாரண்டியில் வராது என்றார்கள். "லிக்விட் இல்லபா, சாமிக்கு வெச்ச சந்தனம்" என்று கன்னியப்பன் வாதாடிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கலைமதி அந்த வருஷத்தின் மிச்சப் பாடத்தை அடுத்த வீட்டுப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்று அவள் போனில் எட்டிப் பார்த்துப் படித்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலையே என்று அவருக்கு இன்றுவரை இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜைகளில் பஸ்ஸோடு சரி. வீட்டுப் பொருள்களின் பக்கம் கிண்ணத்தோடு அவர் போனதே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார்கள். கடையில் விற்பனையைக் கவனித்த ஜோயல் என்ற இளைஞன் பொறுமைசாலி. பேசிப் பேசி இரண்டு லேப்டாப்பை மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டான். ஒன்று வேகமானது, கலைமதி கேட்டது. வாரண்டி ஒரு வருஷம். இன்னொன்று கொஞ்சம் மந்தம். ஆனால் கூடக் கொஞ்சம் பணம் கட்டினால் மூன்று வருஷ வாரண்டி, கீழே விழுந்தாலும் நனைந்தாலும் பார்த்துக்கொடுக்கும் திட்டமும் சேர்த்து. கடைசியில் இரண்டுக்கும் ஆகிற செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கன்னியப்பன் வேகமானதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். "இதுல வாரண்டி எதுக்கெல்லாம் வரும்?"

"எல்லாத்துக்கும் வரும்ணா."

"மழைல நனைஞ்சிட்டா?"

"அது வராதுண்ணா."

"கை தவறி வுழுந்துட்டா?"

"அதுவும் வராது. அது நம்ம தப்பு இல்லியா."

"எலி கடிச்சிட்டா?"

ஜோயலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "வராதுண்ணா."

"அப்பறம் இன்னாத்துக்குத்தான்பா வரும்?"

"தானா கெட்டுப்போனா வரும்ணா."

கன்னியப்பன் அவனையே பார்த்தார். இத்தனை வருஷம் வண்டி ஓட்டி அவர் கண்ட ஒரே உண்மையின் தலையில் அந்தப் பையன் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டான். தானாக எதுவுமே கெட்டுப்போகாது என்றால், தானாகக் கெட்டால் மட்டும் வருகிற வாரண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது. குரலை இறக்கி, மகளுக்குக் கேட்காது என்ற நினைப்பில், "சந்தனம் வெச்சா?" என்றார்.

"எதுண்ணா?"

"சந்தனம்பா. பூஜைக்கு வெப்பம்ல."

ஜோயலுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் யோசித்து, "ஈரம் உள்ள போனா அந்த மூணு வருஷத் திட்டத்துல மட்டுந்தான்ணா வரும்" என்றான்.

"அப்ப அதயே போட்டுடு" என்று மோவாயால் மந்தமானதைக் காட்டினார் கன்னியப்பன். ஒரு மாதமாக ஏறியிருந்த பாரம் இறங்கிய மாதிரி மூச்சு விட்டார்.

கலைமதிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பேசாமல் இருந்துவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். எட்டாவதில் பேசாமல் இருந்தவள்தானே. ஆனால் அவள் பேசினாள்.

"ப்பா, இதுல காலேஜ்ல சொல்ற சாஃப்ட்வேர் போட்டா தொங்கிகினு நிக்கும். ரெண்டாவது வருஷமே பக்கத்துல இருக்கறவ லேப்டாப்ப எட்டிப் பாக்கணும். மறுபடியும் எட்டிப் பாக்கச் சொல்றியா?"

"மூணு வருஷம் வாரண்டிம்மா" என்றார் கன்னியப்பன்.

"நீ லேப்டாப்புக்கு வாரண்டி கேக்கல. உன் கைக்குத்தான் வாரண்டி கேக்குற."

கேலியாகச் சொல்லவில்லை அவள். கோபமும் இல்லை. பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, "பாப்பா இன்னா சொல்லுதோ அதப் போடுபா" என்றார் ஜோயலிடம். ரசீது வந்ததும் அவருக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. "டப்பா குடுப்பல்ல? உள்ள இருக்கற தெர்மாகோலும் சேத்துக் குடு" என்று இரண்டு தடவை சொல்லி வாங்கினார்.

திரும்பும்போது பைக்கைச் சைக்கிள் வேகத்தில்தான் ஓட்டினார். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஒலி எழுப்பித் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. வேகத்தடை வரும்போதெல்லாம் "கெட்டியா புடிச்சிகினியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெட்டி இருவருக்கும் நடுவில் அவர் முதுகை இடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் ஜோதி விளக்கேற்றி, சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தோடு காத்திருந்தாள். பெட்டியிலிருந்து லேப்டாப் வெளியே வந்து பலகைமேல் உட்கார்ந்ததும், கன்னியப்பன் நழுவிப் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"வாயா, வந்து பொட்டு வை" என்றாள் ஜோதி.

"டப்பாவுக்கு வை, போதும்."

"டப்பாவா காலேஜுக்குப் போவுது? படிக்கிற பொருளு, பொட்டு வெக்காம பாப்பா எப்டி எடுத்துகினு போவும்?"

"அப்ப நீ வை. நான் கை வெக்கமாட்டேன்."

கலைமதி எழுந்து வந்து கிண்ணத்தை வாங்கினாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து லேப்டாப்பின் முன்னால் உட்காரவைத்தாள்.

"மூடி மேல வைப்பா. நடுவுல. அங்க ஓட்ட எதுவும் இல்ல, பாரு."

"வேணாம்மா."

"எனக்கு நீதான் வெக்கணும்."

அவர் விரலை அவளே பிடித்துச் சந்தனத்தில் தொட்டெடுத்தாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். பிடியை அவள் விடவில்லை. மூடியின் நடுவில் ஓர் உளுந்தம்பருப்பு அளவுக்குப் பொட்டு விழுந்தது. ஜோதி அதன்மேல் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். கலைமதி தொட்டுக் கும்பிட்டாள். எல்லாம் முடிந்து இருவரும் எழுந்துவிட்டார்கள்.

கன்னியப்பன் எழவில்லை. குனிந்து, இடது கையை விரித்து விளிம்பில் இருந்த ஓட்டைகளுக்கு அணையாக வைத்துக்கொண்டு, அந்தப் பொட்டு காயும்வரை வாயால் ஊதிக்கொண்டே இருந்தார்.